இந்த விடை நடக்கக்கூடியதா?

கேள்வி: தில்லி மயூர் விகாரில் வசிக்கிறோம். என் மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு. சூத்திரங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் மூன்றிலும் மதிப்பெண் குறைகிறது. விடைத்தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதி அனுப்புகிறார்கள். எனக்குக் கணக்கு அதிகம் தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?

பதில்: 'கவனக்குறைவு' என்ற சொல்லால் ஒரு குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை, எங்கே கவனிக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 80 மதிப்பெண் தாளில் இயற்கணிதத்துக்கு 20, வடிவியலுக்கு 15, புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் சேர்த்து 11 என்பதால், நீங்கள் சொல்லும் பகுதிகளே பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன. மூன்றிலும் பிள்ளைகள் செய்யும் பிழைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை, வந்த விடை நடக்கக்கூடியதா என்று ஒரு முறை கேட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

வடிவியலில் தொடங்குவோம். 2.5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து 0.7 மீட்டர் தள்ளி இருக்கிறது. மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கும்? பிதாகரஸ் தேற்றம் என்றதும் இரு வர்க்கங்களையும் கூட்டி, 6.74இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.6 என்று எழுதிவிடுகிறார்கள். ஏணியின் நீளமே 2.5 மீட்டராக இருக்கும்போது அது எட்டும் உயரம் 2.6 ஆக முடியாது. படம் வரைந்திருந்தால் ஏணிதான் கர்ணம் என்பது கண்ணில் பட்டிருக்கும், 6.25இலிருந்து 0.49ஐக் கழித்தால் 5.76, அதன் வர்க்கமூலம் 2.4.

இயற்கணிதத்தில் பிழை பெரும்பாலும் வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில் நேர்கிறது. தந்தையின் வயது மகளின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காகும். மகளின் வயதை எக்ஸ் என்று கொண்டால், 3எக்ஸ் + 12 = 2(எக்ஸ் + 12) என்று வர வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு 2எக்ஸ் + 12 என்று எழுதினால் எக்ஸ் பூஜ்யமாகிறது. தந்தையின் வயதும் பூஜ்யம். இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: விடையைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்ப்பது போதாது, ஏனென்றால் தவறான சமன்பாட்டுக்கு அதன் தவறான விடை எப்போதும் பொருந்தும். கேள்வியின் வாக்கியத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். மகளுக்கு 12, தந்தைக்கு 36. 12 ஆண்டுகள் கழித்து 24, 48. சரியாக இரு மடங்கு.

புள்ளியியலில், உங்கள் மகள் மீடியன் என்று சொல்லும் இடைநிலை அளவுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. 0–10இல் தொடங்கி 40–50 வரையான மதிப்பெண் பிரிவுகளில் முறையே 4, 5, 9, 12, 10 மாணவர்கள், மொத்தம் 40 பேர் என்று கொள்வோம். பாதி எண்ணிக்கையான 20ஆவது ஆள் 30–40 பிரிவில் இருக்கிறார். அதற்கு முந்தைய பிரிவு வரை 18 பேர் முடிந்துவிட்டதால், இன்னும் 2 பேர் வேண்டும். இந்தப் பிரிவில் 12 பேர் 10 மதிப்பெண்ணில் பரவியிருப்பதால் 30உடன் 2/12 × 10ஐக் கூட்டினால் 31.67. முந்தைய பிரிவு வரை கூட்டிவந்த எண்ணிக்கையான (குவிவு நிகழ்வெண்) 18க்குப் பதிலாக, இந்தப் பிரிவின் 12 பேரையும் சேர்த்த 30ஐ எடுத்துக்கொண்டால் 21.67 வரும். விடை 30க்கும் 40க்கும் இடையில்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே ஓரத்தில் குறித்துவைத்த பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இதில் கணக்குத் தெரியாத தாய்க்கும் வேலை இருக்கிறது. உங்கள் மகள் பள்ளியில் ஆங்கிலத்திலும், பெரும்பாலும் டியூஷனில் இந்தியிலும் கணக்கைக் கேட்கிறாள். வீட்டில் பேனாவை எடுக்கும் முன் கேள்வியைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்: என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், விடை எதைவிடப் பெரியதாகவோ சிறியதாகவோ இருக்க வேண்டும். அவளால் சொல்ல முடியாத இடம்தான் அவளுக்குப் புரியாத இடம். ஒரு நாளைக்கு மூன்று கணக்குகள் போதும். தவறான வழியை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதட்டும். எந்தப் படியில் வழி தவறியது என்பது அவளுக்கே தெரியும்.

இன்றிரவு அந்த ஏணியிலிருந்தே தொடங்கலாம். அடி 0.7இலிருந்து 1.5 மீட்டருக்கு நகர்ந்தால் மேல்முனை எவ்வளவு இறங்கும் என்று கேட்டு, முதலில் மனத்தில் தோன்றுவதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பலரும் 0.8 என்பார்கள். வரைந்து கணக்கிட்டால் புதிய உயரம் 2 மீட்டர், இறங்கியது 0.4 மட்டுமே.