மலையக வரலாற்றில் பட்டப்பின்படிப்பு: எங்கே, எதை எடுத்து?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “கலைமாணிப் பட்டம் முடித்து ஆறு வருடமாகிறது. எங்கள் சனத்தின் வரலாற்றில் முதுகலைமாணி செய்ய ஆசை. பேராதனை போதுமா, இந்தியாவுக்குப் போக வேண்டுமா? தலைப்பை எப்படித் தெரிவு செய்வது?”

பேராதனைக்கே போங்கள், டீச்சர். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்கு வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் புதுமெருகோடு மேடையேற்றியது அங்கிருந்துதான். கூத்தையும் நாட்டார் பாட்டையும் ஆய்வுப் பொருளாக மதிக்கும் வழக்கம் அங்கே பழையது. உங்கள் வேலைக்கு அது பெரிய பலம்.

விண்ணப்பிக்கும்போது மட்டத்தைக் கவனியுங்கள். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்ட முதுமாணி 30 கிரெடிட், பெரும்பாலும் பாடநெறி. 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் ஆய்வும் உண்டு. கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் ஒரு வருடம் கூடப் போனாலும் 10ஐயே எடுங்கள்.

தலைப்புக்கு வருவோம். ‘மலையகத் தமிழர் வரலாறு’ என்று எழுதிக்கொண்டு போனால் எந்த மேற்பார்வையாளரும் திருப்பி அனுப்பிவிடுவார். சின்னதாக, ஆழமாக ஒன்றைப் பிடியுங்கள். உதாரணத்துக்கு ‘துண்டு’. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் இருந்த கடனைப் புதிய தோட்டம் அடைக்க வேண்டும். இவ்வளவு கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை, அதாவது தோட்ட நிர்வாகி, எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் துண்டு. இப்படி ஆளோடு ஆளாகக் கடனும் தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அரசாங்கக் கோப்புகள் இதைத் துரையின் கணக்காகச் சொல்லும். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியையும் கடனையும் பற்றி நம் பெண்கள் கொழுந்து மலையில் பாடியது வேறு கணக்கு. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்களை அந்தக் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், இதைவிட அவசரமான தலைப்பு ஒன்று இருக்கிறது. 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்த நம் சனத்தில் பெரும்பகுதியை, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அதன்படி தலைமன்னாரில் கப்பலேறிய அக்கா தங்கைமாரை அழுது வழியனுப்பிய பாட்டிமார் இன்னும் லயங்களில், அந்தத் தோட்ட வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். கோப்புகள் பத்து வருடம் கழித்தும் காப்பகத்தில் கிடைக்கும். அந்தப் பாட்டிமார் இருப்பார்களா? ஒரே தோட்டம், ஒரே தலைமுறை என்று எல்லை போட்டுக்கொண்டு குரல்பதிவைத் தொடங்குங்கள். பதிவுக்கு முன் சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். ஆய்வு நெறிமுறைக் குழு கேட்கும்.

இந்தியாவுக்குப் பட்டத்துக்காகப் போக வேண்டாம், ஒரு விடுமுறையில் ஆவணத்துக்காகப் போய் வாருங்கள். நம் முன்னோர் புறப்பட்டு வந்த பழைய சென்னை மாகாணத்தின் அரசுக் கோப்புகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு அதற்கு முன்பே போய்விடுங்கள். இரண்டு இடத்திலும் பெரும்பாலான கோப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வாசிப்புப் பழக்கத்தை இப்போதே கூட்டுங்கள்.

அப்புறம், விண்ணப்பத்துக்கு முன்பே இரண்டு பக்கத்தில் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதி, துறையில் ஒருவரைச் சந்தித்துக் காட்டுங்கள். அந்தக் குறிப்பில் உங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் சொன்ன நாலு வரி, அவர் சொன்னபடியே இருக்கட்டும்.