ஒரு விரல் அசைந்தால் போதும்: மின்னணு இசைக்கருவி கேள்வி-பதில்

மூளை முடக்குவாதம் உள்ள மாணவிக்காக ஒரு பெரிய ஸ்விட்சை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நிரல்பலகையில் இணைத்தோம். கணினியில் இன்னொரு மென்பொருளை ஓடவிட்டால்தான் மிடியாக (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் குறிமுறையாக) வருகிறது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு மூன்று ஸ்வரம் விழுகிறது. ஏன்?

ஊனோவின் ஆர்3 வரையிலான வகைகளில் முதன்மைச் சில்லில் யூஎஸ்பி கிடையாது. லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். மிடியூஎஸ்பி என்ற நிரல் தொகுப்பைச் சேர்த்தால், அவற்றில் உள்ள 32யூ4 சில் கணினிக்கு நேரடியாகவே மிடி கருவியாகத் தெரியும். ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் ஃப்ளஷ் கட்டளை (காத்திருப்பதை உடனே அனுப்பச் சொல்வது) வேண்டும்; பலர் விடுவது அதைத்தான்.

ஸ்வரம் இரட்டிப்பதற்குக் காரணம், உலோக முனைகள் தொட்டதும் சில மில்லிநொடி துள்ளுவது. '20 மில்லிநொடி பொறுத்துப் பார்த்து ஏற்றுக்கொள்' என்ற வழக்கமான நிரல் இசைக்கு ஆகாது, தாளம் பிந்தும். முதல் தொடுகையிலேயே ஒலிக்க விடுங்கள்; அடுத்த 20 மில்லிநொடியை மட்டும் புறக்கணியுங்கள். கை நடுக்கம் இருந்தால் இந்தப் புறக்கணிப்பை 200 மில்லிநொடியில் தொடங்கி, இரட்டிப்பு வரும்வரை குறைத்துக்கொண்டே வந்து, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். தேவைக்கு மேல் வைத்தால் அவர் வேண்டுமென்றே வேகமாக அடிப்பதும் தொலைந்துவிடும்.

ஸ்விட்சைப் பெட்டியில் சால்டர் செய்துவிடாதீர்கள். உதவி ஸ்விட்சுகள் பெரும்பாலும் 3.5 மி.மீ. மோனோ பிளக்கோடுதான் வருகின்றன. அதற்கான சாக்கெட் வைத்தால் நாளைக்குக் காலாலோ தாடையாலோ அழுத்தும் ஸ்விட்சை மாட்டலாம். நுனி டிஜிட்டல் பின்னுக்கு, உடல் கிரவுண்டுக்கு. சில்லின் உள் புல்-அப்பை (அழுத்தாதபோது பின்னை உயர் நிலையில் வைக்கும் ரெசிஸ்டரை) இயக்கினால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை.

அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வருகிறதே?

ப்ளூடூத் ஸ்பீக்கரா? முதலில் அதைக் கழற்றி வயர் போடுங்கள். பிறகு பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு, மாதிரிகளில்): 44,100 ஹெர்ட்ஸில் 1024 என்றால் சுமார் 23 மில்லிநொடி, 256 என்றால் 6. விண்டோஸில் ஏசியோ (தாமதம் குறைந்த ஒலி) டிரைவர் இல்லாமல் இதைக் குறைப்பது கடினம்.

கை அசையாதவர் மூச்சால் வாசிக்க என்ன சென்சார்?

எம்பிஎக்ஸ் 5010 டிபி என்ற காற்றழுத்த சென்சார். 5 வோல்ட்டில் இயங்கும். 0 முதல் 10 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு 0.2 முதல் 4.7 வோல்ட் தரும். பலவீனமான மூச்சு ஒன்றிரண்டு கிலோபாஸ்கலைத் தாண்டாமல் போகலாம். 1 கிலோபாஸ்கலுக்கு 450 மில்லிவோல்ட், அதாவது ஆர்டுயினோவின் 10 பிட் அளவீட்டில் (0 முதல் 1023 வரை) ஏறத்தாழ 92 படி. முழு வீச்சை மிடியின் உச்ச மதிப்பான 127-க்கு வகுத்தால் அவருக்கு எப்போதும் மெல்லிய ஒலிதான். அவரை ஊதச் சொல்லி, அவர் எட்டும் உச்சத்தையே 127 ஆக்குங்கள். பூஜ்யப் புள்ளியை (ஊதாதபோது வரும் மதிப்பை) ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அளக்க வேண்டும். மதிப்பை மிடி கன்ட்ரோல் எண் 2-இல் அனுப்புங்கள். மூச்சுக்கென ஒதுக்கிய எண் அது.

மூடிய குழாயில் ஊதினால் காற்று போக வழியின்றி நெஞ்சு அடைக்கும். டி-இணைப்பு போட்டு ஒரு சிறு துளை விடுங்கள். எச்சில் ஈரம் சென்சாரைக் கெடுக்கும் என்பதால் சென்சார் வாயைவிட உயரத்தில் இருக்கட்டும். வாய்முனை ஆளுக்கொன்று; இதில் சிக்கனம் கூடாது.

விரலை நகர்த்தி வாசிக்கும் பட்டை சென்சாரில் கமகம் வரவில்லை. ஸ்வரம் முடியும்போது சுருதி பள்ளத்தில் விழுகிறது.

விழுவது, விரல் எடுத்ததும் சென்சார் பூஜ்யத்துக்குப் போவதால். நடு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். விரல் எடுத்த நிலை அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அந்த நிலை வந்ததும் புதிய பிட்ச் பெண்டு (சுருதியை வளைக்கும் மிடி செய்தி) அனுப்பாமல், கடைசி மதிப்பிலேயே ஸ்வரத்தை முடியுங்கள்.

கமகம் வராததற்குக் காரணம், பிட்ச் பெண்டின் இயல்பான எல்லை இருபுறமும் இரண்டு அரைச்சுரம்தான். நீண்ட ஜாருவுக்கு (வழுக்கிச் செல்லும் கமகத்துக்கு) அது எட்டாது. கன்ட்ரோல் 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-க்கு 12 என அனுப்பினால் இருபுறமும் ஒரு ஸ்தாயி கிடைக்கும். சில சிந்தசைசர்கள் இதை ஏற்பதில்லை. அங்கே கையால் 12 என வையுங்கள். உங்கள் கருவியின் எல்லையும் சிந்தசைசரின் எல்லையும் ஒத்துப்போகாவிட்டால் எல்லா ஸ்வரமும் அபசுரம்தான். 10 பிட் சென்சாரில் ஒரு படி இப்போது 2.3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்), இரண்டு மூன்று படி ஆடினாலே நின்ற ஸ்வரம் நடுங்கும். புதிய அளவீட்டுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு மில்லிநொடியும் கூட்டுங்கள். அதற்கு மேல் மென்மையாக்கினால் கம்பிதம் (அசைவுக் கமகம்) மழுங்கிவிடும்.

பார்வையற்றவர் தாமாகவே ஒலிப்பதிவு செய்ய?

ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளோடு, அதைத் திரைவாசிப்பானுக்கு ஏற்றதாக்கும் ஓசாரா நீட்சியும் என்விடிஏ திரைவாசிப்பானும். பின் இரண்டும் இலவசம். கருவிப் பெட்டியில் தொடுதிரை வேண்டாம். முடிவின்றிச் சுழலும் குமிழும் வேண்டாம், அது எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரியாது. தொடக்கமும் முடிவும் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் கூர்முனைக் குமிழ் மாட்டுங்கள்.