"மாப்பிள்ளை அப்படிப்பட்டவரே இல்லை!"

மனநல மருத்துவர் பதில்கள்

என் அக்காவின் சேமிப்பு முழுவதையும் அவள் கணவர் பொய் சொல்லி எடுத்துக்கொண்டார். கேட்டதற்குக் கை நீட்டினார். ஆனால் எங்கள் அம்மாவும் அண்ணனும் அவருக்காகத்தான் வாதாடுகிறார்கள். படித்தவர்கள்கூட எப்படி ஏமாறுகிறார்கள் டாக்டர்? அவர் சைக்கோபாத்தா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சைக்கோபாத் என்றால், பிறர் வலியோ குற்ற உணர்வோ உறைக்காமல் மற்றவர்களை ஏமாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும் குணமுள்ளவர். கடிதத்தைப் படித்துவிட்டு யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது. அதற்கென்று ராபர்ட் ஹேர் என்ற உளவியலாளர் உருவாக்கிய அளவுகோலில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய பதிவுகளையும் சரிபார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். ஆனால் அந்தப் பட்டியலின் முதல் கூறே பேச்சுத் திறமையும் மேலோட்டமான வசீகரமும்தான்.

இதேபோன்ற பிரச்சினையோடு ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. உள்ளே நுழைந்ததும் அந்த மனிதர் உயரமான நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டு, "இதுல உட்காருங்க அத்தை, முட்டி வலிக்காது" என்றார். பிறகு மனைவி பட்டதையெல்லாம் சொல்லி அழுதபோது அவர் ஒருமுறைகூட மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நம்புகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கண்ணில் பட்டது நாற்காலி மட்டும்தான்.

அந்த அம்மா முட்டாள் அல்ல. அவர் கண்ட மருமகன் அப்படித்தான் இருந்தார். இத்தகையவர்கள் எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று துல்லியமாகப் படித்துவிடுவார்கள். எதிரில் இருப்பவருக்கு வலிக்குமே என்பதுதான் அவர்களுக்கு உறைக்காது. உங்கள் அம்மாவுக்கு மரியாதை, அண்ணனுக்குத் தோழமை என்று ஆளுக்கொரு முகம். அக்கா பார்க்கும் முகத்தை மற்ற இருவரும் பார்த்ததே இல்லை. இனி அவரைக் கெட்டவர் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் தாங்கள் நம்பியது பொய் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் காப்பாற்றுவது பாதி அவரை, பாதி தங்களை.

படிப்பு இதில் உதவாது. ஆஸ்திரியாவில் ஜாக் உன்டர்வேகர் என்பவர் 1974-ல் ஒரு பெண்ணைக் கொன்று ஆயுள் தண்டனை பெற்றார். சிறையில் எழுத்தாளரானார். எழுத்தாளர்களும் அறிவுஜீவிகளும் குரல் கொடுக்க, 1990-ல் வெளியே வந்தார். அடுத்தடுத்துப் பெண்கள் கொலையானார்கள். அந்தக் கொலைகளைப் பற்றிப் பத்திரிகையாளராகப் போய்ப் போலீஸையே பேட்டி எடுத்தார் மனிதர்! 1994-ல் ஒன்பது கொலைகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. கனடாவில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றிலும், சைக்கோபதி மதிப்பெண் அதிகமுள்ள கைதிகளுக்கு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு எளிதாக முன்விடுதலை கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய குற்றப் பட்டியல்தான் நீளம். தினமும் கைதிகளையே பார்ப்பவர்களுக்கு இந்தக் கதி என்றால் அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்?

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கும் முன்பே, "அவளுக்கு மனசு சரியில்லை, அவளை நினைச்சாதான் பயமா இருக்கு" என்று இவர்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பார்கள். பிறகு அவள் அழுதாலும் கத்தினாலும் அதுவே அவர் சொன்னதற்குச் சாட்சியாகிவிடும். ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1997-லேயே இந்த வரிசையைக் குறித்திருக்கிறார்: மறுப்பது, புகார் சொன்னவரையே தாக்குவது, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவராகிவிடுவது.

அதனால் அம்மாவிடம் மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றி விவாதிக்காதீர்கள். சைக்கோபாத் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். நீங்கள்தான் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். பணம் எங்கே போனது என்று அம்மாவிடம் என்ன சொன்னார், அண்ணனிடம் என்ன சொன்னார்? இரண்டையும் வங்கிக் கணக்கு விவரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். என் அனுபவத்தில், ஆதரவாளர்கள் முதன்முதலில் மௌனமாவது அங்கேதான்.

அடித்ததற்கு மருத்துவரின் குறிப்பு வாங்கி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி சேர்ந்து கவுன்சலிங் போகலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அடிக்கிறவர் எதிரில் அக்காவால் உண்மை பேச முடியாது. பேசினால் வீட்டுக்குப் போய் அதற்கும் அடி விழும். அக்கா தனியாக வரட்டும். அம்மா மனம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்கு அக்கா முதலில் போகட்டும், அம்மாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கண்ணைப் பார்த்தே சைக்கோபாத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?
- ஒரு கல்லூரி மாணவர்

முடியாது. 1979-ல் அமெரிக்காவின் மயாமியில், பல பெண்களைக் கொன்ற டெட் பண்டிக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி எட்வர்ட் கவார்ட், சாட்சியம் முழுவதையும் கேட்டு முடித்தவர். அவரே அந்தக் கொலைகாரனிடம், 'நல்ல வழக்கறிஞராக வந்திருப்பாய், உன்மேல் எனக்குப் பகை இல்லை' என்ற பொருளில் பேசி அனுப்பினார்.