ஐசியூவில் இருக்கும் குழந்தையை ஆய்வில் சேர்க்கக் கையெழுத்து கேட்டால் போடலாமா?

கேள்வி இதுதான்: "அக்கா மகன் டர்பனில் ஐசியூவில் இருக்கிறான். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்குக் கையெழுத்து கேட்கிறார்கள். பிள்ளையைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களா?"

சோதனை எலி என்று படித்ததும் சுருக்கென்று இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கே டர்பனில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் அந்தப் படிவத்தை நீட்டுவது பெரும்பாலும் நான்தான்.

நீங்கள் சித்தியா, தாய்மாமனா தெரியவில்லை. யாராக இருந்தாலும் உங்கள் கையெழுத்து செல்லாது. தென்னாப்பிரிக்காவின் தேசிய சுகாதாரச் சட்டம் 71-ஆம் பிரிவு, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் என்கிறது. இந்நேரம் ஊரிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருக்கும். தயவுசெய்து அதை அக்காவின் காதில் போடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா பேரனைக் கொண்டுவந்தார். பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர்; பிள்ளையின் தாய்க்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. நிமோனியா முற்றிப் பிள்ளை வெண்டிலேட்டரில் இருந்தான். ஆய்வுக்கு வேண்டியது, வழக்கமான பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போதே ஊதா மூடி போட்ட சிறு குழாயில் கூடுதலாக ஒரு மில்லி; தனியாக ஊசி குத்தல் கிடையாது. விளக்கி முடிப்பதற்குள் ஆயா மூக்குக்கண்ணாடியைச் சேலை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்துவிட்டார். "எடுத்துக்கொள் கண்ணு, நாலு பிள்ளைகள் பிழைக்கட்டும்" என்றார். உங்கள் கையெழுத்து ஆகாது என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பிறந்ததிலிருந்து நான் வளர்க்கிறேன். என்னைவிட இவனுக்கு யார்?" பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் எங்கள் ஆய்வுக் குழு வளைந்துகொடுப்பதும் இல்லை.

இரவு பஸ் பிடித்துத் தாய் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதனால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" இவனுக்கு ஒன்றும் கிடைக்காது, பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கலாம் என்றேன். "அப்படியானால் வேண்டாம்" என்றார். மறுப்பு என்று கோப்பில் எழுதினேன். அடுத்து சளி உறிஞ்சும் வேளை. மூச்சுக்குழாய் அசையாமல் ஒரு கையால் பிடித்து, மெல்லிய குழலை உள்ளே விட்டு எடுத்து, ஆக்சிஜன் அளவு மறுபடி ஏறும்வரை பக்கத்திலேயே நின்றேன். அந்தத் தாய் திரையைப் பார்க்கவில்லை; என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபத்தில் எதையாவது குறைக்கிறேனா என்று. குறைக்கவில்லை. பிள்ளை தேறி வீட்டுக்குப் போனான். ஆயா மட்டும் கடைசிவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்? ஒரே வயது, ஒரே நோய், ஒரே அளவு தீவிரம் என்று பார்த்தால் ஒரு மருத்துவமனைக்கு வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான். அதை வைத்து எந்தச் சிகிச்சை மேல் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நிலை சீரான ஐசியூ குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்ற ஹீமோகுளோபின் 9.5 வரை இறங்கினாலே போதுமா, 7 வரை பொறுக்கலாமா என்ற சாதாரணக் கேள்விக்கே நான்கு நாடுகள் சேர்ந்து 637 குழந்தைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பொறுக்கலாம் என்று 2007-இல் விடை வந்தது.

ஃபீஸ்ட் ஆய்வு இன்னும் பெரியது. காய்ச்சலோடு அதிர்ச்சி நிலையில், அதாவது உடலுக்குப் போதிய இரத்த ஓட்டம் இல்லாமல், வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது நல்லது என்றுதான் எல்லோரும் படித்திருந்தோம். கென்யா, உகாண்டா, டான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் பார்த்தார்கள். வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். ஏற்றாதவர்களில் ஏழு சொச்சம். 2011-இல் இது வெளியானபோது பலரால் நம்ப முடியவில்லை. அங்கே வெண்டிலேட்டர் இல்லை, பாதிக்கு மேல் மலேரியா, வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை, அதைக் கொண்டுவந்து டர்பனில் பொருத்தாதே என்று யாராவது கருத்து எழுதுவீர்கள். தெரியும். நானும் அப்படியே பொருத்தச் சொல்லவில்லை. இலண்டனிலோ பாஸ்டனிலோ உட்கார்ந்து இந்த விடையைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆய்வு நிதியில் சம்பளம் வாங்குபவள் வேறு எப்படிப் பேசுவாள் என்பீர்கள். ஒரு பகுதி வாங்குகிறேன். தாய் மறுத்தாலும் அதே சம்பளம்தான்.

பெருமைதான் எனக்கு வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. ஒரு பன்னாட்டு ஆய்வுக்கு இரவிரவாகத் தகவல் பதிந்தேன். கட்டுரை வெளிவந்தது. ஒத்துழைத்தவர்கள் பட்டியலில் தேடினால் அப்பாவின் பெயர் முழுசாக இருக்கிறது, என் பெயர் ஒற்றை எழுத்தாகப் பின்னால் தொங்குகிறது! குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது என்றதால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்பியிருந்தேன். கூட வேலை செய்யும் இந்நாட்டுத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிள்ளை, நாயுடு, மூட்லி என்று ஏதாவது ஒன்று கைவசம் இருக்கிறது. ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் என் அப்பா இன்று மருத்துவ ஆய்வாளர். திருத்தம் கேட்டு எழுதினேன். நீங்கள் கொடுத்ததைத்தான் போட்டோம் என்று பதில் வந்தது.

அது கிடக்கட்டும். அக்காவிடம் தகவல் தாளின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடுதல் ஊசி உண்டா, மருந்து மாறுமா, இடையில் விலகலாமா, இரத்தத்தை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்கட்டும். அந்தத் தாளில், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.