சைக்கிள் கேள்வி பதில்: வேலைக்குப் போகிற சைக்கிளைச் சோம்பேறியாக மிதியுங்கள்

வணக்கம்ணா. எனக்கு வயது 43. கோவை கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் வேலை. வார்ப்புகளைத் தூக்கி வைத்து கிரைண்டரில் பிசிறு எடுக்க வேண்டும், நாள் முழுக்க நின்றபடிதான். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் மூன்று மாதமாக, மகளுக்கு ஸ்கூலில் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு சத்தி ரோட்டில் போய் வருகிறேன், ஒரு பக்கம் 12 கிலோமீட்டர். முதல் மாதம் ஜோராக இருந்தது. இப்போது புதன்கிழமை ஆனாலே தொடை கல் மாதிரி ஆகிவிடுகிறது, முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. செய்கிற வேலையே எக்சர்சைஸ்தானே, இதில் சைக்கிள் வேறு எதற்கு என்று வீட்டில் திட்டு. விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், கோவில்பாளையம்

விட வேண்டாம். ஆனால் இப்போது ஓட்டுகிற மாதிரி ஓட்டவும் வேண்டாம்.

முதலில் அந்த சைக்கிள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டி. மகள் உயரத்துக்கு வைத்த சீட்டிலேயே நீங்கள் உட்கார்ந்து மிதிக்கிறீர்கள் என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம் (பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அதிகம்). சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு இழுத்துவிடாதீர்கள். உயரம் பத்தவில்லை என்றால் நீளமான கம்பி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பின்சக்கரத்து ஃப்ரீவீல், அதாவது செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரம். கியர் இல்லாத நம் ஊர் சைக்கிள்களில் சாதாரணமாக 18 பல் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 22 பல் போடச் சொல்லுங்கள், செயினில் கண்ணி சேர்க்க வேண்டி வரலாம், மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான். ஒவ்வொரு மிதிக்கும் காலில் விழுகிற பாரம் ஐந்தில் ஒரு பங்கு பக்கம் குறையும். வேகமும் அதே அளவு குறையும்தான், குறையட்டுமே! அப்போதும் நிதானமாக மிதித்து மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம், 12 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழியக் கூடாது. காற்று சீக்கிரம் இறங்கினால் வால்டியூப் (காற்றடிக்கிற வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்) காய்ந்து போயிருக்கிறதா என்று பாருங்கள், பஞ்சர் என்று நினைத்து ட்யூபையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி வீட்டில் கேட்ட கேள்வி. வேலையே எக்சர்சைஸ்தானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் சுமார் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரை 10 வருடம் போலத் தொடர்ந்து கவனித்து 2021-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைக்கிறவர்களுக்கு மாரடைப்பு மாதிரியான ஆபத்து குறைந்திருந்தது, வேலையிடத்தில் கடுமையாக உழைக்கிறவர்களுக்கோ அது கூடியிருந்தது. புகைப்பழக்கம், வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் வந்தது. இதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ஆய்வை நடத்தியவர்கள் சொல்கிற காரணம் எனக்கு நியாயமாகப் படுகிறது: எட்டு பத்து மணி நேரம் தூக்கி, குனிந்து, நின்றுகொண்டே இருந்தால் ரத்த அழுத்தம் இறங்க நேரமே கிடைப்பதில்லை, களைத்தால் உட்காருவதும் நம் கையில் இல்லை. சைக்கிள் அப்படி இல்லை. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம், மரத்தடியில் நிறுத்தலாம்.

ஆனால் நீங்கள் குறைப்பதில்லை, அதுதான் பிரச்சினை என்று சந்தேகப்படுகிறேன். நான் ஒரு காலத்தில் லாரி ஷெட்டில் சுமை இறக்கிக்கொண்டே தினம் போக வர 18 கிலோமீட்டர் ஓட்டியவன். டவுன் பஸ்ஸோடு போட்டி போட்டு முந்தினால் அன்றைக்கு எனக்கு தீபாவளி, ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்காரி குழம்பு எடுத்துவருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். பலமெல்லாம் ரோட்டில் போனால் மூட்டைக்கு எது மிச்சம்? பக்கத்தில் ஒருத்தர் வந்தால் மூச்சுத் திணறாமல் குடும்பக் கதை பேசிக்கொண்டு போகிற வேகம், அதற்கு மேல் கூடாது. சரவணம்பட்டி சிக்னலில் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் சர்ரென்று தாண்டிப் போனால் போகட்டும், அவர்கள் போய் நாற்காலியில் உட்காரப் போகிறார்கள்.

எல்லா நாளும் ஓட்டவும் வேண்டாம். எனக்குக் கைகொடுத்த வழி இது: திங்கள் காலை சைக்கிளில் போங்கள், சாயங்காலம் அதைக் கம்பெனியிலேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள். செவ்வாய் காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் சைக்கிளில் வாருங்கள். புதன் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு ஒரு சவாரிதான். ஒரு மாதம் இப்படி ஓட்டி, தொடை கல்லாவது நின்ற பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று வீடு திரும்பும்போது கொஞ்சமாவது முதுகைத் தள்ளும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஷிப்ட் முடியும்போது வயிறு காலி, அந்தக் காலி வயிற்றோடு கிளம்பினால் புதன்கிழமை என்ன, திங்கட்கிழமையே கால் இழுக்கும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ளே போக வேண்டும். வெறும் டீ கணக்கில் சேராது. ராத்திரி முட்டையோ சுண்டலோ மீனோ ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும், சோறு ரசத்தை மட்டும் வைத்துக்கொண்டு தசை ஆறாது. உலைச் சூட்டில் வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. மோர் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீரில் டீஸ்பூனால் தட்டி அளந்து அரை ஸ்பூன் உப்பு, ஆறு ஸ்பூன் சர்க்கரை. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். சுகர், பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். நெஞ்சு இறுக்கினாலோ சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ சைக்கிளையும் வேலையையும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. விடியும் முன்னே சைக்கிளில் போகிறேன். ஆறு மாதத்தில் செயின், ரிம் எல்லாம் துரு. தேங்காயெண்ணெய் விட்டும் நிற்கவில்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

தேங்காயெண்ணெய் தலைக்கு. செயினில் விட்டால் பிசுபிசுத்து உப்புத் தூளையும் மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பழைய வண்டி ஆயிலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் பலன் இல்லை. பாத்தி ஓரத்தில் சைக்கிளைச் சாய்க்காமல், உப்பு அள்ளும் இடத்திலிருந்து காற்று வீசாத பக்கமாக நிறுத்துங்கள். அப்புறம், இருட்டில் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், மட்கார்டிலும் சாப்பாட்டுத் தூக்கு மாட்டுகிற இடத்திலும் ஒளிரும் டேப் ஒட்டிவிடுங்கள். துருவை விட லாரிதான் எனக்குப் பயம்.

அண்ணே, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடுமேன். ராத்திரி ஒரு மணிக்கு வேலைக்குப் போய் காலையில் திரும்பும்போது மிதிக்கத் தெம்பே இல்லை. பேட்டரி சைக்கிள் வாங்கலாமா, லைசென்ஸ் கேட்பார்களா?
- வாசகர், மதுரை

தாராளமாக வாங்கலாம், உங்களை மாதிரி ஆளுக்குத்தான் அது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். போகும்போது மிதித்துப் போங்கள், திரும்பும்போது மோட்டாரைப் போடுங்கள், பேட்டரியும் நாள் தாங்கும். ஒன்று மட்டும் கவனம்: திரும்புகிற களைப்பில் சார்ஜ் தீர்ந்தால் அதை மிதிப்பது யானையைத் தள்ளுகிற மாதிரி. காசு கொடுப்பதற்கு முன்னால், ராத்திரி வேலை முடிந்து வந்த களைப்போடேயே கடைக்குப் போய், மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு பாலம் ஏறிப் பாருங்கள்.