மடிப்பிச்சையும் சைக்கிளும்

அன்புள்ள அக்கா,

நான் பிறந்தது திருகோணமலை உப்புவெளியில், இப்போது லண்டனில். வருகிற ஆகஸ்டில் நண்பர்கள் எட்டுப் பேர் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சைக்கிள் ஓடி வர இருக்கிறோம். ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் காசு சேர்த்து, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கொடுப்பதாக எண்ணம். மாமா ஒருவர், "பிளேன் டிக்கெற் காசை அனுப்பினாலே போதுமே, ஏன் இந்தக் கூத்து? சோற்றுக்கே கஷ்டப்படுகிற பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., லண்டன்

அன்புள்ள தம்பி,

எனக்குச் சிறு வயதில் காய்ச்சல் கடுமையானபோது அம்மம்மா நேர்த்தி வைத்தார். சுகமானதும் வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுத்துத்தான் அதைத் தீர்த்தார். அவரிடம் காசு இல்லாமல் இல்லை. ஆனால் வெயிலில் மடியேந்தி வந்தவருக்கு எல்லா வீட்டிலும் ஏதோ விழுந்தது. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் நம் ஊரைக் கடக்கும்போது தண்ணீர் கொடுக்கிறோமே, அதுவும் இப்படித்தான். சும்மா கேட்டால் சிரித்துவிட்டுப் போகிறவன், உங்கள் கால் உளைவுக்காகவேனும் பத்துப் பவுண் தருவான். ஆகவே ஓடுங்கள். டிக்கெற், தங்குமிடம், சைக்கிள் வாடகை எல்லாம் உங்கள் சொந்தக் காசு என்று முதலிலேயே எழுதிக் காட்டிவிடுங்கள். மாமா பாதி சமாதானம் ஆவார்.

சோறா பந்தா என்ற கேள்வி பழையது. 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நோர்வேக்காரர் ஜொஹான் ஒலாவ் கோஸ், போரிலிருந்து அப்போதுதான் மீண்ட எரித்திரியாவுக்கு விளையாட்டுச் சாமான்கள் கொண்டுபோனார். அவரையும் இதையேதான் கேட்டார்கள். அவர் விடவில்லை, பிறகு விளையாட்டு வழியே பிள்ளைகளுக்கு உதவும் ரைட் டு பிளே அமைப்பையே தொடங்கினார். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றது. சரி, சாசனம் கிடக்கட்டும்.

நான் சொல்ல வருவது பந்தைப் பற்றி. 1990இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாரோ இரண்டு வலைப்பந்தும் ஒரு உதைபந்தும் தந்தார்கள். எங்களை வரிசையில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். அடுத்த நாள் மூன்றும் இருப்புப் புத்தகத்தில் பதியப்பட்டு அதிபரின் அலுமாரிக்குள் போயின. கிழிந்தாலும் தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயம் அவருக்கு. நாங்கள் வெளியே கிளித்தட்டு மறித்தோம். அதற்குக் கோடு கீற ஒரு தடி போதும். நான் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த நாளிலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவை இருந்தன, காற்றுப் போய், தட்டையாக.

அதனால் தம்பி, பந்து வாங்காதீர்கள். ஆளுக்குக் காசு கொடுங்கள். கிழமையில் மூன்று பின்னேரம் தவறாமல் மைதானத்துக்கு வருகிற உள்ளூர்ப் பெடியனோ பெட்டையோ, அவர்களுக்கு இரண்டு வருடச் சம்பளம். அந்த ஆள் வந்தால் பந்து தானாக அலுமாரியை விட்டு வெளியே வரும்.

அடுத்தது, பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுகிற வாகனச் செலவு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலையிலிருந்து கிண்ணியா வழியே மூதூருக்குப் போவதென்றால் பாதை ஏறி இறங்கித்தான் போக வேண்டும். (லண்டன் நண்பர்களுக்குச் சொல்லுங்கள், நம் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை.) இப்போது றோட்டு நல்லது. ஆனாலும் பயிற்சி முடிந்து பொழுதுபட்ட நேரத்தில் பெண் பிள்ளையைத் தனியே பஸ்ஸில் விட எந்த அம்மாவுக்கு மனம் வரும்? வலைப்பந்து அணிகள் பல கலைவது தோற்றதால் அல்ல, இருட்டியதால்.

இன்னொன்று, போர் முடிந்தது 2009 மேயில். அன்று பிறந்த குழந்தைக்கே இப்போது மீசை அரும்பிவிட்டது. நீங்கள் தேடுகிற "பாதிக்கப்பட்ட சிறுவர்" இன்று பெரும்பாலும் அப்பா அம்மாவாகி விட்டார்கள். மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரில் 2006இல் வெளியேறிய குடும்பங்கள் பல, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பின. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் "என்ன நடந்தது, சொல்லு" என்று கமராவை நீட்டாதீர்கள். பெரிய அட்டைக் காசோலையும் வேண்டாம்.

கிராமத்துக்கு ஓர் அணி என்றும் போடாதீர்கள். முஸ்லிம்கள் கூடிய மூதூர், தமிழர் கூடிய சம்பூர், சிங்களவர் கூடிய சேருநுவர என்று தனித்தனியே இறக்கினால் பழைய எல்லையே ஜேர்சி போட்டுக்கொண்டு வரும். பெயர்களைக் குலுக்கிப் போட்டுக் கலந்து பிரியுங்கள். முதல் இரண்டு கிழமை பாஷை குழம்பும், ஒருவருக்கும் பந்து போகாது. அப்புறம் சரியாகிவிடும்.

ஓட்டத்துக்கு ஆகஸ்ட் பரவாயில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பெரும்பாலும் முதுகில்தான் தள்ளும், ஆனால் நாக்கு வறண்டுவிடும். ஹபரணையில் தங்கி, நன்றாக விடிந்தபின் வெளிக்கிடுங்கள். கந்தளாய் வரும்வரை யானை குறுக்கே வரும். அது ஹெல்மெற்றைப் பார்த்து ஒதுங்காது. வந்து சேர்ந்ததும் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் குளியுங்கள், கால் உளைவு கொஞ்சம் ஆறும். நாளைச் சொன்னால் இடியப்பத்துக்கு மா வறுத்து வைப்பேன், எட்டுப் பேருக்கும்.

அன்புடன்,
அக்கா