சர்வர் கடிகாரமும் டைம் ஜோனும்: நீங்க கேட்டதும் என் பதிலும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி சுத்தி சுத்தி ஒரே இடத்துல வந்து நிக்குது, அதனால முதல் பதிலை கொஞ்சம் நீட்டியே எழுதிட்டேன்.

கேள்வி: ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும் இருக்கு. மாத்தி மாத்தி பூட் பண்ணா டைம் அஞ்சரை மணி நேரம் தள்ளிப் போயிடுது. பேட்டரி போயிடுச்சா?

பேட்டரி மேல தப்பு இல்லீங்க. அது போனா நேரம் கன்னாபின்னான்னு ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போயிடும், இப்படி கரெக்டா டைம் ஜோன் வித்தியாசம் அளவுக்கு மட்டும் தள்ளி நிக்காது. மதர்போர்டுல இருக்கிற ஆர்டிசி சிப்புக்கு (மெஷின் ஆஃப்ல இருந்தாலும் பேட்டரில ஓடுற கடிகாரம்) தேதி, மணி, நிமிஷம், செகண்ட், இவ்வளவுதான் தெரியும். அது எந்த ஊர் நேரம்னு குறிச்சு வைக்க அந்த சிப்ல இடமே கிடையாது. வழக்கமா லினக்ஸ் அதை யூடிசின்னு (உலகப் பொது நேரம், இந்திய நேரம் இதைவிட அஞ்சரை மணி நேரம் கூட) எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். விண்டோஸ் காலைல 10:00ன்னு எழுதி வெச்சுட்டுப் போனதை லினக்ஸ் யூடிசி பத்துன்னு படிச்சு, மேல அஞ்சரையைக் கூட்டி மதியம் 3:30ன்னு காட்டும். லினக்ஸ் அதைத் திருத்தி யூடிசில எழுதிட்டா விண்டோஸ் விடிகாலை 4:30ங்கும்.

விண்டோஸைத்தான் மாத்துங்க. விண்டோஸ் தன் செட்டிங்ஸை வெச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரில டைம்ஜோன்இன்ஃபர்மேஷன் கீக்குள்ள ரியல்டைம்இஸ்யுனிவர்சல்னு ஒரு வேல்யூ உண்டாக்கி 1னு போட்டா அதுவும் யூடிசியா படிக்க ஆரம்பிச்சிடும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இழுக்கவும் வழி இருக்கு, ஆனா வேண்டாம், கோடைக்கால நேரம் (கோடைல மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுறது) மாத்துற நாடுகள்ல ரெண்டு ஓஎஸ்ஸும் தனித்தனியா ஒரு மணி நேரத்தை நகர்த்தி வெச்சுடும்.

இதையே டூயல் பூட் இல்லாத சர்வர்லயும் பார்த்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல டேட்டாபேஸ் சர்வருக்கு ராத்திரி பேட்டரி மாத்தினாங்க, மாத்தினவர் பயாஸ் ஸ்க்ரீன்ல தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து உள்ளூர் நேரத்தை அடிச்சு விட்டுட்டார், லினக்ஸ் அதை யூடிசின்னு நம்பி அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடிப்போய் எழுந்துச்சு. நெட்வொர்க் வழியா நேரத்தை வாங்கி கடிகாரத்தைத் திருத்துற என்டிபிடி ப்ரோக்ராம் சரி பண்ணியிருக்கணுமே? அது 1000 செகண்டுக்கு மேல வித்தியாசம் பார்த்தா ஏதோ பெரிய கோளாறுன்னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு வெளியே போயிடும், அன்னிக்கு வித்தியாசம் 19,800 செகண்ட். முதல் தடவை மட்டும் எவ்வளவு பெரிய வித்தியாசமா இருந்தாலும் திருத்திக்கோன்னு சொல்ற ஜி ஆப்ஷன் அந்த மெஷின்ல போடல. காலைல ஒருத்தர் கையால நேரத்தைப் பின்னாடி தள்ளினதும் அந்த அஞ்சரை மணி நேரம் டேட்டாபேஸ்ல ரெண்டு தடவை வந்துடுச்சு, எந்த என்ட்ரி முதல்ல எது பின்னாடின்னு பிரிச்சு எடுக்கிறதுக்குள்ள எங்க உயிரே போச்சு.

உங்க சர்வர்ல இப்பவே எட்ஸி டைரக்டரில அட்ஜ்டைம்ங்கிற ஃபைலைத் திறந்து பாருங்க, இருந்தா மூணு வரிதான் இருக்கும், மூணாவது வரில யூடிசின்னு இருக்கணும், லோக்கல்னு இருந்தா யாரு எதுக்கு மாத்தினாங்கன்னு கேளுங்க. ஃபைலே இல்லன்னா யூடிசின்னுதான் அர்த்தம்.

கேள்வி: ரெண்டு மாசம் ஆஃப் பண்ணி வெச்ச சர்வர் ஒன்றரை நிமிஷம் பின்னாடி வருது. சிப் கெட்டுப்போச்சா?

இல்ல, அது சாதாரணம். உள்ள இருக்கிற கிறிஸ்டல் செகண்டுக்கு 32,768 தடவை துடிக்கும், அதை 15 தடவை பாதி பாதியா வகுத்தா செகண்டுக்கு ஒண்ணுன்னு வந்துடும். பத்து லட்சத்துல 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட், ரெண்டு மாசத்துல நூறு செகண்டைத் தாண்டிடும், சூடு குளிருக்கு ஏத்த மாதிரியும் மாறும். ஓடிட்டிருக்கிற மெஷினை என்டிபி (நெட்வொர்க் வழியா நேரம் சரி பண்ற முறை) பார்த்துக்கும், என்டிபிடிக்குப் பதிலா க்ரோனிங்கிற ப்ரோக்ராம் வெச்சிருந்தா ஆர்டிசிசிங்க்னு ஒரு வரி கான்ஃபிக்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா லினக்ஸோட மையப் பகுதியான கர்னலே 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை சரியான நேரத்தை ஆர்டிசில எழுதி வெச்சுடும்.

கேள்வி: எங்க யூசர்ஸ் எல்லாரும் ஒரே நாட்டுலதான். சர்வர் டைம் ஜோனை உள்ளூர் நேரத்துக்கே வெச்சுக்கலாமா?

யூடிசில வைங்க. மனுஷனுக்குக் காட்டுற இடத்துல மட்டும் மாத்திக் காட்டுங்க. இன்னிக்கு ஒரே நாடு, நாளைக்கு வேற ரீஜன்ல ஒரு சர்வர் எடுப்பீங்க, அப்ப ரெண்டு லாக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கும்போது தெரியும் அருமை. லாக்ல ஐஎஸ்டின்னு மட்டும் எழுதியிருந்தா அது இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? மூணு பேருமே அந்த மூணு எழுத்தைத்தான் வெச்சிருக்காங்க. இன்னொண்ணு, டைம் ஜோனை மாத்தினா, குறிச்ச நேரத்துல ஜாப் ஓட்டுற க்ரானை ரீஸ்டார்ட் பண்ணணும், இல்லன்னா அது பழைய ஜோன்லயே ஜாப் ஓட்டிட்டு இருக்கும்.

கேள்வி: அப்ப எல்லாத்தையும் யூடிசில சேவ் பண்ணா போதும்தானே? நாங்க அப்பாயின்ட்மென்ட் ஆப் பண்றோம்.

நடந்து முடிஞ்சதுக்கு போதும். நடக்கப்போறதுக்கு போதாது, இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. மெக்சிகோ 2022 அக்டோபர்ல நாட்டோட பெரும்பாலான இடங்கள்ல கோடைக்கால நேரத்தையே ரத்து பண்ணிடுச்சு. அதுக்கு முன்னாடியே ஒருத்தர் 2023 ஜூன்ல காலைல 9 மணிக்குன்னு புக் பண்ணியிருந்து, நீங்க பழைய விதிப்படி யூடிசியா மாத்தி அதை மட்டும் வெச்சிருந்தா, அவருக்கு 8 மணின்னு காட்டும். சமோவா 2011ல டிசம்பர் 30ங்கிற நாளையே விட்டுட்டு 29க்கு அடுத்து 31க்குத் தாண்டிடுச்சு. அதனால எதிர்காலத்துக்கு ‘காலை 9 மணி’ங்கிற உள்ளூர் நேரத்தையும் அமெரிக்கா/மெக்சிகோ சிட்டி மாதிரி ஜோன் பேரையும் சேர்த்து வைங்க, யூடிசியை அதுலேர்ந்து கணக்குப் போட்டுக்கலாம். எந்த ஊருக்கு எந்த நேர விதின்னு வெச்சிருக்கிற டிஇசட்டேட்டா பேக்கேஜை அப்டேட்டா வைங்க, ஜாவா தனக்குன்னு ஒரு காப்பி வெச்சிருக்கும், அதையும் மறக்காதீங்க.

கேள்வி: கன்டெய்னர்ல டைம் ஜோனைச் சொல்ற டிஇசட் வேரியபிள் குடுத்தும் யூடிசிதான் காட்டுது, ஏன்?

சின்ன இமேஜ்ல டிஇசட்டேட்டா இருக்காது, ஜோன் பேர் கிடைக்கலன்னா எர்ரர் சொல்லாம யூடிசிக்குப் போயிடும். பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுங்க. கடிகாரம் மட்டும் ஹோஸ்டோடதுதான், அதை கன்டெய்னர்க்குள்ள சரி பண்ணப் போகாதீங்க.

கேள்வி: லைவ் டேட்டாபேஸ் சர்வர் 4 நிமிஷம் முன்னாடி ஓடுது. டேட் கமாண்ட்ல ஒரே அடியா மாத்திடலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். நேரம் பின்னாடி குதிச்சா ஏற்கனவே எழுதின என்ட்ரிக்கு முந்தின நேரத்துல புது என்ட்ரி விழும், நேரத்தைக் கழிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்க்கிற கோடுக்கு மைனஸ்ல விடை வரும் (அந்த மாதிரி கணக்குக்கு எப்பவும் முன்னாடி மட்டுமே போற மானோடோனிக் கிளாக்தான் பயன்படுத்தணும், டெவலப்பர்ஸ்கிட்ட சொல்லுங்க). என்டிபிடி மெதுவா இழுக்கிற வேகத்துல ஒரு செகண்டைச் சரி பண்ணவே 2000 செகண்ட் ஆகும், அப்ப 4 நிமிஷத்துக்கு அஞ்சரை நாள். க்ரோனி அதைவிட பல மடங்கு வேகமா இழுக்கும், அவசரம் இல்லன்னா அதுகிட்டயே விட்டுடுங்க. மெயின்டனன்ஸ் நேரம் கிடைச்சா முதல்ல ஆப்பையும் டேட்டாபேஸையும் நிறுத்துங்க, நேரத்தைப் பின்னாடி தள்ளுங்க, கடைசியா எழுதின என்ட்ரியோட நேரத்தை கடிகாரம் தாண்டுற வரைக்கும் கையைக் கட்டிட்டு உட்காருங்க, அப்புறம் டேட்டாபேஸை கிளப்புங்க.